யாரைக் கேட்டோம்?

(தாம்பரத்தில் உளவியல் மாணவர் மன்றத்தின் ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது துறையின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். அக்டோபர் 10 உலக மனநல நாளுக்கான சுவரொட்டிப் போட்டி, ஒரு சிறப்புச் சொற்பொழிவு, இரண்டு நாள் பயிலரங்கு, இன்டர்ன்ஷிப்புக்குப் பெயர் கொடுக்கக் கடைசித் தேதி, முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகள். எந்த உளவியல் துறைக்குப் போனாலும் ஏறக்குறைய இதே பலகைதான். நான் நின்று படித்தது கடைசித் தாளை. தேர்வுப் பயம், கைபேசிப் பழக்கம், தன்மதிப்பு, தனிமை உணர்வு என்று தலைப்புகள் நன்றாகவே இருந்தன. ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே ஒரு சிறு வரி: ‘மாதிரி: கல்லூரி மாணவர்கள், வயது 18 முதல் 25 வரை.’ ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் அதே வரி. இன்று நான் பேசப்போவது அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

உளவியல் படிக்காதவர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக முதலில் ஆய்வகத்தைக் கொஞ்சம் காட்டிவிடுகிறேன். குடுவை, அமிலம் எதுவும் அங்கே இருக்காது. நீள மேசைகள், அலமாரியில் மரப்பெட்டிகள். ஒரே நீளக் கோடுகளை நீளம் வேறாகக் காட்டும் முல்லர்-லயர் பலகை, கோஸ் வண்ணக் கட்டைகள், கண்ணைக் கட்டிக்கொண்டு விரலால் வழி தேடும் புதிர்ப் பலகை. மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது கண்ணாடி வரைதல். தாளில் ஒரு நட்சத்திரம் இரட்டைக் கோட்டில் அச்சாகியிருக்கும். கைக்கு மேலே ஒரு தடுப்பு இருப்பதால் தாளை நேராகப் பார்க்க முடியாது. எதிரே நிறுத்திய கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்டி நட்சத்திரத்தைச் சுற்றி வர வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். முதல் முனை வந்ததும் கை அப்படியே நின்றுவிடும். மேலே ஏற்றினால் கண்ணாடியில் பென்சில் கீழே இறங்குகிறது. கண் ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்ய, பென்சில் ஒரே இடத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒருவர் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு, கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு பிழை என்று குறித்துக்கொண்டே வருவார். நாலைந்து முறை செய்த பிறகு நேரமும் குறையும், பிழையும் குறையும். வலக்கையால் பழகிய பிறகு இடக்கையால் செய்யச் சொன்னால், பழகவே பழகாத இடக்கையும் தேறியிருக்கும். கற்றல் என்பது கையில் மட்டும் நடப்பதில்லை என்று தன் கண்ணாலேயே பார்த்த மாணவி அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள். ஆய்வகத்தை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். பொறுமையாகக் கவனிக்கவும், பார்த்ததை மட்டும் எழுதவும் கற்றுக்கொடுக்கும் இடம் அதுதான்.

ஆனால் அங்கே எதிரில் உட்காருபவர் யார்? பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் தோழி. இன்று நான் சோதனை செய்பவள், நீ சப்ஜெக்ட், நாளைக்கு மாற்றிக்கொள்வோம். மூன்று ஆண்டு முழுக்க ரெக்கார்டு நோட்டில் ஒரே நாற்பது ஐம்பது பேரின் பெயர்ச் சுருக்கங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. பயிற்சிக்கு இது போதும். அந்தப் பழக்கம் ஆய்வேட்டுக்கும் தொடர்வதுதான் என் கவலை. முதுகலை முடிக்கும் ஆண்டில் ஒரு கூகுள் ஃபார்ம் தயாராகிறது. ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். ‘ப்ளீஸ், அஞ்சு நிமிஷம்தான்’ என்று நண்பர்களைக் கெஞ்சுகிறோம். நூற்றைம்பது பதில் சேர்ந்ததும் கணக்குப் போட்டு, பைண்டு செய்து, வைவாவை முடித்துவிடுகிறோம். ஒருவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் மனத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி முடிகிறது.

இது நம் ஊரின் குறை மட்டுமல்ல, இந்தத் துறையின் பிறவிக்குறை. அமெரிக்க உளவியல் கழகத்தின் முக்கிய இதழ்களை அலசிய ஜெஃப்ரி ஆர்னெட் 2008-ல் ஒன்றைக் காட்டினார். அந்த ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த நாடுகளின் மக்கள்தொகையோ உலகத்தில் 12 சதவீதம். இரண்டு ஆண்டு கழித்து ஜோசப் ஹென்ரிச், ஸ்டீவன் ஹைன், அரா நோரன்சயான் மூவரும் அதே கேள்வியை விரிவாக எழுப்பினார்கள். முல்லர்-லயர் கோடுகள்கூட எல்லா ஊர்க் கண்களையும் ஒரே அளவுக்கு ஏமாற்றுவதில்லை என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய சான்றுகளில் ஒன்று. மனித மனம் என்று பாடத்தில் படிப்பதில் பெரும்பகுதி மேற்கத்தியக் கல்லூரி மாணவரின் மனம். அதைத் திருத்தும் வாய்ப்பு நம்மிடம் இருக்கிறது. நாமோ அதே தவற்றை உள்ளூர் அளவில் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்தத் துறை பிறந்து நம் ஊருக்கு வந்த வரலாற்றை இரண்டு வரியில் சொல்கிறேன். 1879-ல் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் தொடங்கினார். கல்கத்தாவில் 1905-ல் பிரஜேந்திரநாத் சீல் பாடத்திட்டம் வகுத்தார். 1916-ல் அங்கே துறை பிறந்தது. மைசூரில் 1924-ல் எம்.வி. கோபாலஸ்வாமி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் ஜி.டி. போவாஸ் தலைமையில். அதற்கு முன்னால் சென்னையில் உளவியல் தத்துவத்துறையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1912-ல் உளவியலுக்கென்று ஒரு சிறு பாடநூல் எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. அப்போது அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது; தாம்பரத்துக்கு வந்தது 1937-ல்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் வி.வி. காமத். பிரெஞ்சுக் குழந்தைகளுக்காக ஆல்ஃபிரட் பினே செய்த அறிவுத்திறன் சோதனையை அவர் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளிடம் தார்வாரில் உட்கார்ந்து, எந்தக் கேள்வி எந்த வயதுக்கு ஒத்துவருகிறது என்று பார்த்துப் பார்த்து 1934-ல் ஒரு திருத்த வடிவம் கொண்டுவந்தார். பினே-காமத் என்ற பெயரில் அது இன்றும் நம் மருத்துவமனைகளில் புழங்குகிறது. ஒரு குழந்தையின் மாற்றுத்திறன் சான்றிதழுக்காக அரசு மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் தாயின் கையில் வந்து சேரும் எண்ணுக்குப் பின்னால், அந்தத் தார்வார்ப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.

இன்னொரு கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது உளவியல் துறையில் நடந்ததல்ல. ஆனால் ஆய்வேடு எழுதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 1980களின் நடுவில் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தார் செல்லப்பன் நிர்மலா. அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன் ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பைச் சொன்னார்: தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார். இங்கே அதெல்லாம் கிடையாது, அது வெளிநாட்டு நோய் என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுக்கும் முதலில் தயக்கம்தான். ஆனாலும் போனார். பாலியல் தொழில் செய்த பெண்களைத் தடுத்து வைத்திருந்த மயிலாப்பூர் விடுதிக்குப் போய், அவர்களோடு பேசி, இரத்த மாதிரி எடுத்தார். வைத்துக் காக்கத் தகுந்த வசதி இல்லாததால், பிரித்தெடுத்த சீரத்தைத் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். பிறகு கணவரோடு ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகளில் நிறம் மாறியது. 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அப்படித்தான், ஒரு மாணவியின் ஆய்வேட்டில். நம்மிடம் இல்லை என்று நாடே நம்பிக்கொண்டிருந்ததை, யாரும் போய்க் கேட்காத பெண்களிடம் போய்க் கேட்டதால் அவர் கண்டுபிடித்தார்.

அந்தக் கதையின் அடுத்த பகுதி நடந்தது இங்கே, ரயிலில் அடுத்த நிறுத்தமான தாம்பரம் சானடோரியத்தில். 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, ஊட்டமான உணவு, இவைதான் அன்றைய மருந்து. பிற்பாடு அரசு ஏற்று நடத்தியது. 1993-லிருந்து எச்.ஐ.வி. உள்ளவர்களை அங்கே சேர்க்கத் தொடங்கினார்கள். மற்ற இடங்களில் படுக்கை கொடுக்கவே தயங்கிய நாளில், பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் விசாரித்து வந்து இறங்கினார்கள். 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது நாட்டின் முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று.

மருந்து கொடுப்பவர் பக்கத்தில் இன்னொரு மேசை இருந்தது. அது ஆலோசகர் மேசை. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையங்களுக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். அங்கே நடக்கும் பேச்சை எந்தப் பாடப்புத்தகத்திலும் முழுமையாகக் கற்றுக்கொள்ள முடியாது. பரிசோதனைக்கு முன்னால் ஒரு பேச்சு, முடிவு வந்த பிறகு ஒரு பேச்சு. லாரி ஓட்டும் கணவன் இறந்து மூன்று மாதம் ஆன பெண்; கையில் குழந்தை; மாமியாருக்கு விஷயம் தெரியாது. ‘எனக்கு எப்படி வந்துச்சு’ என்று அவர் கேட்கவில்லை. ‘புள்ளைக்கு இருக்குமா’ என்றுதான் கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே வரும் மௌனத்தை அவசரப்பட்டுக் கலைக்காமல் உட்காரத் தெரிந்தவரே ஆலோசகர். அப்படி உட்கார்ந்தவர்களில் பலர் சமூகப்பணியும் உளவியலும் படித்துவிட்டு வந்த இளைஞர்கள். அவர்கள் கற்றதை யாரும் எழுதி வைக்கவில்லையே என்பது எனக்கு நீங்காத வருத்தம். நடைதூரத்தில் இருந்த நாமாவது எழுதியிருக்க வேண்டும்.

காலம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் ஓடத் தொடங்கிய மின்சார ரயில் தடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சானடோரியம் நிலையத்தில் இறங்கினால் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், 1984-லிருந்து. அதிகாலை நாலரைக்கு எழுந்து சமைத்துவைத்துவிட்டு ஷிஃப்டுக்கு வரும் பெண்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள்? சேலையூரிலும் சிட்லப்பாக்கத்திலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வீடியோ கால் முடிந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது? ஓ.எம்.ஆரில் கட்டடம் எழுப்பும் ஒடியாக்காரர்களும் வங்காளிகளும் உடம்பு சரியில்லாதபோது யாரிடம் சொல்கிறார்கள்? முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் பஸ் ஏறி அங்கே வரும் அம்மாக்களிடம், குழந்தையைப் பற்றி அல்லாமல் அவர்களைப் பற்றி யாராவது கேட்டோமா?

முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டி அந்தத் தெருக்களில் ஓடியது. தரைத்தளம் முழுகி, படகில் ஆட்களை இறக்கினார்கள். அந்த வெள்ளம் வடிந்து பல ஆண்டு ஆகிவிட்டது, மனத்திலிருந்து வடியவில்லை. ஐப்பசி பிறந்ததும் அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். பத்திரம், குடும்ப அட்டை, மார்க் ஷீட் எல்லாம் பாலிதீன் உறையில் பரண்மேல் ஏறிவிடும். குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் செங்கல் வந்துவிடும். இரவு மழை வலுத்தால் வீட்டில் ஒருவர் விழித்திருந்து வாசலில் தண்ணீர் எந்தப் படி வரை வந்திருக்கிறது என்று பார்ப்பார். வேளச்சேரியில் புயல் எச்சரிக்கை வந்தாலே மேம்பாலத்தின் ஓரம் கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பாட்டி சொன்னார்: ‘மழைன்னா முன்னெல்லாம் பஜ்ஜி போடுவோம். இப்ப வயித்தக் கலக்குது.’ இதை நோய் என்று பெயரிட நான் அவசரப்படமாட்டேன். இதில் அச்சமும் இருக்கிறது, அனுபவத்தால் வந்த முன்யோசனையும் இருக்கிறது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்பது அருமையான ஆய்வுக் கேள்வி. அதற்குப் பதில் கூகுள் ஃபார்மில் கிடைக்காது. அடைமழை மாதத்தில் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் கிடைக்கும்.

வெளியே போய்க் கேட்டவர்கள் கொண்டுவந்ததற்கு இரண்டு சான்று. 2000-ல் பெங்களூரைச் சேர்ந்த ரகுராமும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலுக்குப் போனார்கள். மனநோய் முற்றியவர்களைக் குடும்பத்தார் அங்கே அழைத்துவந்து சில வாரம் தங்கவைப்பது வழக்கம். அப்படி வந்த 31 பேரை, வந்த அன்றும் திரும்பும் அன்றும் முறையான அளவுகோலால் அளந்தார்கள். மருந்து எதுவும் இல்லை. நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. தெய்வம் பெரிதா, மருந்து பெரிதா என்ற சண்டைக்கு அவர்கள் போகவில்லை. விரட்டாத, அடிக்காத, வேலை கொடுத்து உட்காரவைக்கும் இடம் என்று பார்த்ததை எழுதினார்கள். அந்தக் கட்டுரை 2002-ல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்துபோனார்கள். வழிபாட்டிடத்தை நம்பித்தான் குடும்பங்கள் இரண்டு ஊருக்கும் போயின. ஓரிடத்தில் மனிதர்கள் தேறினார்கள், இன்னோரிடத்தில் எரிந்தார்கள். போய்ப் பார்க்காமல் இரண்டையும் ஒரே சொல்லால் ‘மூடநம்பிக்கை’ என்று ஒதுக்கிவிடுவது விஞ்ஞானம் ஆகாது.

இரண்டாவது, நம் ஊர் சினேகா. 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு. அவர்களும் மற்ற ஆய்வாளர்களும் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் விவசாயிகளோடு பேசி, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் ஆளுக்கொரு பூட்டிய பெட்டியில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். பல தற்கொலைகள் ஒரு கணத்து ஆவேசத்தில் நடப்பவை. கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லையென்றால் அந்தக் கணம் கடந்துபோகும். கிராமத்து வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பெட்டி தோன்றும்.

இப்போது ஆசிரியர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது, நியாயமான கேள்வி. இருபது இருபத்தொரு வயதுப் பிள்ளைகளைத் துயரத்தின் நடுவே அனுப்பலாமா? பயிற்சியில்லாதவர் போய்ப் பழைய காயத்தைக் கிளறிவிட்டு வந்தால் யார் பொறுப்பு? இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். மாணவர் அங்கே போவது ஆலோசனை சொல்ல அல்ல, கேட்டு எழுத. இந்த வேறுபாட்டை முதல் நாளே மாணவருக்கும் சொல்ல வேண்டும், பேசுகிறவருக்கும் சொல்ல வேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஒருவரும் வாசல்படி ஏறக் கூடாது. ஒப்புதல் படிவம் பேசுகிறவருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும்; ‘வேண்டாம்’ என்று அவர் சொன்னால் சிரித்த முகத்தோடு எழுந்துவர வேண்டும். இரண்டு பேராகப் போக வேண்டும். வாரம் ஒருமுறை ஆசிரியர் உட்கார்ந்து, என்ன கேட்டாய், உனக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்க வேண்டும். இதைத்தான் துறையில் சூப்பர்விஷன் என்கிறோம். கேட்டவருக்கும் இரவில் தூக்கம் வராமல் போகலாம். ஒருவர் ‘சாகலாம்னு தோணுது’ என்று சொல்லிவிட்டால் பேனாவை மூடிவைக்க வேண்டும். அவரைத் தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. ஆசிரியருக்குப் போன், வீட்டில் நம்பகமான ஒருவருக்குச் செய்தி, 14416 டெலி-மானஸ் மனநல உதவி எண், தேவைப்பட்டால் அரசு மருத்துவமனை. இந்த வரிசை மாணவரின் நாக்கில் இருக்க வேண்டும்.

கூடவே இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். பணம் கட்டினால் இரண்டே வாரத்தில் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தரும் இடங்கள் பெருகிவிட்டன. மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிரிண்ட் எடுத்த தாள் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பணத்தைச் சேர்க்க மாணவர்களின் பெற்றோர் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. துறையே நான்கு இடங்களோடு நேரடியாக ஏற்பாடு செய்துகொண்டால் இந்தக் கடைகள் தாமாக மூடிக்கொள்ளும்.

2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியலைத் தொலைநிலை வழியிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று அறிவித்தது. இனி நேரில் வந்துதான் படிக்க வேண்டும். இந்த முடிவால் வேலைக்குப் போய்க்கொண்டே படித்த பலருக்குக் கதவு அடைபட்டது. அது எனக்கு வருத்தம்தான். அப்படியானால் நேரில் வருகிறவர்களுக்குத் திரையில் கிடைக்காத எதை நாம் கொடுக்கிறோம்? 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநலக் குறைபாடு உள்ளவர்களில் 100-க்கு 85 பேர் சிகிச்சையே பெறாதவர்கள். மருத்துவமனை வாசலில் நின்று பார்த்தால் அந்த 85 பேர் கண்ணில் படமாட்டார்கள். அவர்கள் மெப்ஸ் பஸ்ஸில் இருக்கிறார்கள், முடிச்சூர் மாடியில் இருக்கிறார்கள்.

இந்த ஆண்டு செய்யக்கூடியதாக இரண்டு காரியம் கேட்கிறேன். இளங்கலை முதலாண்டிலேயே ஒவ்வொருவரும் கல்லூரிக்கு வெளியே ஒரே ஒருவரிடம் ஒரு பருவம் முழுக்க, வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு வர வேண்டும். பூக்கடைக்கார அம்மா, ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு, மெப்ஸில் வேலை பார்க்கும் அக்கா, யாராகவும் இருக்கலாம். நோயாளியாக இருக்க வேண்டியதில்லை. அளவுகோல் எதுவும் வேண்டாம், குறிப்பேடு போதும்.

இரண்டாவது, முதுகலை ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு. பைண்டு செய்த பிரதிகளில் ஒன்று துறைக்கு, ஒன்று நூலகத்துக்கு, ஒன்று உங்களுக்கு. அவற்றோடு தமிழில் இரண்டே பக்கத்தில் ஒரு சுருக்கம் எழுதுங்கள். யாரைக் கேட்டீர்களோ அவர்கள் வீட்டுக்கே எடுத்துப்போய், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டி, ‘நாங்கள் எழுதியது சரியா’ என்று கேளுங்கள். இல்லை என்றால் திருத்துங்கள். வெள்ளத்தைப் பற்றியதென்றால் தாம்பரம் மாநகராட்சிக்கும் அந்த வார்டு உறுப்பினருக்கும் ஒரு பிரதி கொடுத்து, கையெழுத்து வாங்கி வாருங்கள்.